ஜீப்பு ஸ்டீயரிங்கை காயலான் கடை சாமானில் ஒப்பேத்த முடியுமா?

2023 ஜூன் 11, காலை
உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் கேட்டது:

"அண்ணே, 1989 மாடல் மகிந்திரா ஜீப்பு. பழைய வில்லிஸ் (அமெரிக்காவோட மூல ஜீப்பு) பாணி ஸ்டீயரிங். தோட்டத்துக்கும் மலையடிவாரத்துக்கும்தான் ஓடுது. ஸ்டீயரிங் அம்மிக்கல்லைத் திருப்புற மாதிரி கனக்குது. அதே நேரத்துல நாலு விரக்கடை சும்மா ஆடவும் செய்யுது. மதுரையில ஒரு பட்டறையில பவர் ஸ்டீயரிங் மாத்த 45 ஆயிரம் கேட்டாங்க. காயலான் கடையில ஸ்டீயரிங் பெட்டியும் பம்பும் எடுத்து 10 ஆயிரத்துல முடிச்சிரலாம்னு பங்காளி சொல்றான். முடியுமா?"

2023 ஜூன் 11, இரவு
முடியும். ஆனா உங்க பங்காளி சொல்ற வரிசையில போனா எனக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும்.

என்னுது 1987 மாடல், அப்பா வாங்கினது. 2021ல நானும் மொதல்ல பெட்டியைத்தான் மாத்துனேன். ஜாயிண்டையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன். பவர் வந்ததும் ஒரு விரலால திருப்புனேன், தெருவே பாத்துச்சு. ரெண்டாவது வாரம் விருதுநகர் போற நாலுவழிச் சாலையில, கப்பலூர் சுங்கச்சாவடி தாண்டி, ஒரு பாலத்துத் தையல்ல சக்கரம் ஏறி இறங்குச்சு. அம்புட்டுத்தான். முன்சக்கரம் ரெண்டும் பேய் பிடிச்ச மாதிரி உதற ஆரம்பிச்சிருச்சு. ஸ்டீயரிங் கையில நிக்கல. டாஷ்போர்டுல இருந்த சாமி படம் மடியில விழுந்துச்சு. வேகம் 20க்கு வந்த பிறகுதான் உதறல் நின்னுச்சு. பின்னாடி வந்த லாரிக்காரர் கதவைத் திறந்து வஞ்ச வசவை இங்க எழுத முடியாது.

பெட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. அதுக்கு முன்னாடியும் ஆட்டம் இருந்துச்சு, கைக்குத் தெரிஞ்சுச்சு, அதனால 50க்கு மேல ஓட்ட மாட்டேன். பவர் போட்டதும் கைக்குத் தெரியாமப் போச்சு. ஆட்டம் அங்கேயே இருந்துச்சு, பயம் மட்டும்தான் போச்சு.

2023 ஜூன் 12
நேத்து அவசரத்துல எழுதுனது. நாலு விரக்கடை எங்கிருந்து வருதுன்னு சொல்லாம விட்டுட்டேன்.

நம்ம ஜீப்புல ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு பெரிய குடும்பமே இருக்கு. பெட்டிக்குள்ள திருகு மாதிரி ஒரு கேம், அதுல ஓடுற ரெண்டு முளை. ராஸ் பெட்டின்னு சொல்லுவாங்க. பெட்டிக்கு வெளிய பிட்மேன் ஆர்ம், அதாவது பெட்டி ஆட்டுற கை. அதுலருந்து முன்னாடி போற கம்பி டிராக் லிங்க், அதுக்கு ரெண்டு முனையிலயும் பந்து ஜாயிண்டு. அது போய் நடுவுல நிக்கிற பெல் கிராங்கைத் தள்ளும், முன்பின் தள்ளலைப் பக்கவாட்டுக்குத் திருப்பி விடுற முழங்கை மாதிரி இரும்பு அது. பெல் கிராங்குலருந்து ரெண்டு பக்கமும் சக்கரத்தைத் திருப்புற கம்பி, டை ராடு; ஒண்ணுக்கு ரெண்டு எண்டு, அதாவது முனை ஜாயிண்டு. அப்புறம் கிங்பின் (சக்கரம் இடது வலது திரும்புற அச்சாணி) பேரிங், வீல் பேரிங். எண்ணிப் பாருங்க, பத்துக்கு மேல வரும். ஒவ்வொருத்தரும் அரை மில்லிமீட்டர் தேஞ்சிருந்தா ஸ்டீயரிங் விளிம்புல வந்து நாலு விரக்கடையா நிக்கும். பெரிய குத்தவாளின்னு யாரும் இருக்க மாட்டாங்க, ஆளாளுக்குக் கொஞ்சம் திருடியிருப்பாங்க.

அந்தக் கேமை நடுவுல இறுக்கமாவும் ரெண்டு ஓரத்துலயும் லூசாவும் வெட்டியிருப்பாங்க. ஸ்டீயரிங் எத்தனை பங்கு சுத்துனா ஆர்ம் ஒரு பங்கு திரும்பும்ங்கிற விகிதம் ஓரத்துல 14, நடுவுல 12, மறு ஓரத்துல 14. அதனால பக்கவாட்டு ஸ்குருவை இறுக்கும்போது சக்கரம் நேரா இருக்கணும், டிராக் லிங்கைக் கழட்டியிருக்கணும். முழுசா ஒடிச்சு வச்சுக்கிட்டு ஆட்டம் போற வரைக்கும் இறுக்குனா, நேரா வரும்போது பெட்டி பிடிச்சுக்கும். முளை ரெண்டும் ஒரு மாசத்துல காலி. நான் பண்ணியிருக்கேன்.

2023 ஜூன் 14
எந்த ஜாயிண்டு தேஞ்சிருக்குன்னு விரலை வச்சே கண்டுபிடிக்கிறது எப்படின்னு தம்பி கேட்டிருக்கார். செலவு பூஜ்யம்.

வண்டி தரையிலயே நிக்கட்டும், ஜாக்கி வேணாம். என்ஜின் ஆஃப். வீட்டுல ஒரு ஆளை உக்கார வச்சு, ஸ்டீயரிங்கை அங்குட்டும் இங்குட்டும் சும்மா ஆட்டச் சொல்லுங்க, சக்கரம் திரும்புற அளவுக்கு வேணாம். நீங்க சாக்கை விரிச்சு அடியில படுங்க. ஒவ்வொரு ஜாயிண்டுலயும் ஆள்காட்டி விரலைக் குறுக்கால வைங்க, பாதி விரல் இந்த இரும்புல, பாதி அந்த இரும்புல. ரெண்டும் ஒண்ணா அசைஞ்சா ஜாயிண்டு நல்லது. ஒண்ணு அசைஞ்சு அடுத்தது நிதானமா வந்தா, விரலுக்குக் கீழ 'டிக்'னு ஒரு சின்னத் தட்டு தெரியும். அங்க சாக்பீஸ்ல ஒரு பெருக்கல் குறி.

எங்க வீட்டுல மக உக்காந்தா. ஒன்பதாவது படிக்கிறா. கைப்பேசியைப் பாத்துக்கிட்டே ஒத்தக் கையால ஆட்டுனா. அதுவே போதும், பெரிய பலம் தேவையில்ல. பெல் கிராங்குல விரலை வச்சப்ப தட்டுன்னு சொல்ல முடியாது, கதவு கீல் மாதிரி மேலயும் கீழயும் ஆடுச்சு. "அப்பா, இது எவ்வளவு நேரம்?"னு மேலருந்து குரல். ஏழு பெருக்கல் குறி போட்டுட்டுத்தான் எந்திரிச்சேன்.

2023 ஜூன் 18
டோ-இன், அதாவது முன்சக்கரம் ரெண்டும் முன்னாடி லேசா உள்ள பாத்து நிக்கிற அளவு, 5 மில்லிமீட்டர் வைங்கன்னு போன்ல சொன்னேன்ல, அது தப்பு. அந்தக் காலத்து வில்லிஸ் கணக்கே அங்குலத்துல 64ல் 3 பங்குலருந்து 32ல் 3 பங்கு வரைக்கும்தான். அதாவது ஒண்ணேகாலுலருந்து ரெண்டரை மில்லிமீட்டருக்குள்ள. 5 வச்சா டயர் ரப்பரை ரோடு தின்னுரும்.

அளக்க மெஷின் வேணாம். சக்கரத்தைத் தூக்கிச் சுத்திவிட்டு, ஆணியைப் பிடிச்சு டயர் நடுவுல சுத்தி ஒரு கோடு கீறுங்க. இறக்கி, வண்டியை ரெண்டடி உருட்டி நிறுத்துங்க. கோட்டுக்குக் கோடு முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு. முன்னாடி கொஞ்சம் கம்மியா இருக்கணும்.

2023 ஜூன் 25
போட்டோ பாத்தேன். தம்பி, கனத்துக்குக் காரணம் அதுலயே தெரியுது. டயர்!

நீங்க போட்டிருக்கது அகல டயர், வெளிய துருத்தின அலாய் ரிம். கம்பெனியில வந்தது ஒல்லியான 6.00-16. கிங்பின்னோட கோட்டைக் கீழ நீட்டுனா தரையில ஒரு புள்ளியில படும். டயர் நடு, தரையைத் தொடுற இடம் அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல இருக்க வரைக்கும்தான் சக்கரம் சுகமாத் திரும்பும். ரிம்மை வெளிய தள்ளத் தள்ள அந்த இடைவெளி கூடும். அப்புறம் சக்கரம் நின்ன இடத்துல திரும்பாது, வட்டம் போடும். ஒரு கல்லுல அடிச்சாலும் அந்த நீளத்துக்கு நெம்புகோல் மாதிரி ஸ்டீயரிங்கை உதைக்கும்.

என் இடது கட்டைவிரல் மழைக்காலத்துல இன்னைக்கும் வலிக்கும். சிறுமலை, பழையூர்ப் பக்கம் ஒரு ஓடைக் கல்லு. ஸ்டீயரிங் கம்பிக்குள்ள கட்டைவிரலை விட்டுப் பிடிச்சிருந்தேன். சக்கரம் கல்லுல மாட்டி வெட்டுச்சு, கம்பி சுழண்டு வந்து அடிச்சுச்சு. போடிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு மலை ஏறுற ஜீப்புக்காரங்க கையைக் கவனிச்சிருக்கீங்களா? கட்டைவிரலை வெளிய, விளிம்பு மேலயே வச்சிருப்பாங்க. யாரும் சொல்லிக் கொடுத்ததில்ல. ஒருதடவை வாங்குனா போதும்.

பழைய ரிம் வீட்டு மாடியில கெடந்தா அதைப் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. காத்தும் பாருங்க. 18 பிஎஸ்ஐ வச்சுக்கிட்டு தார் ரோட்டுல ஸ்டீயரிங் கனக்குதுன்னு சொன்னா அது ஸ்டீயரிங்கோட பிழையில்ல.

2023 ஜூன் 26
அவர் பதில்: "அண்ணே, ஒல்லி டயர்ல ஜீப்பு கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு. ஆனா நல்லாத் திரும்புது."

கோழிக்குஞ்சா இருக்கட்டும். கரிசல்ல அதுதான் போகும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் மழை பெஞ்ச கரிசக் காட்டுல அகல டயர் வண்டியை இறக்கிப் பாருங்க. மண்ணை அப்பி அப்பி டயர் உருண்டையாயிரும், மட்கார்டுக்குள்ள சுத்த இடமிருக்காது. ஒல்லி டயர் வெட்டிக்கிட்டு அடி கெட்டித் தரைக்குப் போயிரும்.

2023 ஜூலை 2
இப்ப காயலான் கடை விஷயம். எதை அங்க வாங்கலாம், எதை வாங்கக் கூடாதுன்னு எனக்குன்னு ஒரு கணக்கு இருக்கு.

பந்து, ரப்பர், பேரிங் எல்லாம் புதுசு. டை ராடு எண்டு சில நூறு ரூபாதான். அதைப் போய் பழசுல பொறுக்குறவனை என்ன சொல்றது. வார்ப்புச் சாமான், தகடு, புல்லி, தொட்டி, பிராக்கெட் இதெல்லாம் பழசு. பம்பும் பெட்டியும் பழசுதான், ஆனா பாத்து.

நான் எடுத்தது ஒரு சுமோப் பெட்டி. வாடிப்பட்டி ரோட்டுல ஒரு பாய் கடை. மொதல் தடவை பெட்டியை மட்டும் தூக்கிட்டு வந்தேன். வீட்டுல வந்து பாத்தா ஆர்ம் இல்ல. அதோட பல்லு என் ஆர்முக்கு ஒட்டாது. மறுபடி ஓடுனேன். பம்பு வேற வண்டியோடது ஒண்ணு எடுத்தேன். அதோட அழுத்தமும் ஓட்டமும் வேற, திருப்புனா ஓரத்துல சீறுச்சு. மூணாவது தடவை பாய் என்னைப் பாத்ததும், "வாங்கண்ணே, இன்னைக்கு எதை மறந்தீங்க?"ன்னு டீ சொல்லிட்டார். ஆக, ஒரே வண்டியிலருந்து பெட்டி, ஆர்ம், பம்பு, புல்லி, பம்பு பிராக்கெட், எண்ணெய்த் தொட்டி, ஓஸ், ஸ்டீயரிங் ராடோட யூ-ஜாயிண்ட் அம்புட்டையும் கழட்டி ஒரே சாக்குல போடுங்க.

பெட்டியைக் கையால ஒரு ஓரத்துலருந்து மறு ஓரம் சுத்துங்க, சுத்தை எண்ணுங்க, பாதியில நிறுத்துங்க. அந்த நடு இடத்துல லேசா இறுக்கம் இருக்கணும். நடுவுல லொடலொடன்னு இருந்து ஓரத்துல இறுகுனா நிறைய ஓடுன பெட்டி. அடியில எண்ணெயை ஒரு சொட்டு விரல்ல எடுத்து வெயில்ல பாருங்க. செவப்பா இருந்தா சந்தோஷம். கருப்பா இருந்து மினுமினுன்னு இருந்தா அது இரும்புத் தூள், வச்சிட்டு வந்திருங்க. முக்கியமா, வண்டி முன்பக்கம் நசுங்கிக் கெடந்தா அதோட பெட்டியைத் தொடாதீங்க. வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள இருக்க ஷாப்ட்டு முறுக்கியிருக்கும்.

2023 ஜூலை 3
சென்னை புதுப்பேட்டையில எல்லாம் கிடைக்குமேன்னு ஒருத்தர். கிடைக்கும். ரயில் டிக்கெட்டு, லாட்ஜ், பிரியாணி எல்லாம் சேத்துப் பாத்தா வாடிப்பட்டி ரோடுதான் சல்லிசு. நம்ம மாதிரி பழைய ஜீப்புக்குன்னா தேனி, கம்பம் பக்கம் விசாரிக்கிறதுதான் நல்லது. அங்க இன்னும் நெசமா ஓடிக்கிட்டிருக்கு, அதனால சாமானும் இருக்கு.

2023 ஜூலை 9
பெல் கிராங்கை அளந்து சொல்லுங்கன்னு தம்பி கேட்டதுக்காக இன்னைக்குக் காலையில என்னுதைக் கழட்டுனேன். கழட்டியிருக்கவே வேணாம். இல்ல, கழட்டுனது நல்லதுதான்.

(என்னடா, பவர் போட்டவனுக்கு பெல் கிராங்கு எதுக்குன்னு கேப்பீங்க. நான் பெல் கிராங்கைத் தூக்கிட்டுப் பவர் பெட்டியோட குறுக்கு லிங்க் போட்ட வேலையைப் பாதியில விட்டுட்டுப் பழைய அமைப்புக்குத் திரும்பி இப்ப நாலு மாசம் ஆச்சு. அந்தக் கதை அடுத்த வாரம்.)

மார்ச்ல லேத்து மாமாகிட்ட பெல் கிராங்குக்குப் புது பின் கடைஞ்சு வாங்குனேன். கன்மெட்டல் புஷ், கிரீஸ் நிப்பிள், எல்லாம் சுத்தமான வேலை. பின்னுக்கு இரும்பு எதுன்னா, காயலான் கடையில எடுத்த லாரி கிங்பின். "லாரியையே தாங்குன இரும்பு, உங்க ஜீப்பையா தாங்காது?"ன்னு நான்தான் பெருமையாக் கொண்டு போய்க் கொடுத்தேன்.

இன்னைக்குப் பாத்தா பின்னுல புஷ் உக்காந்த இடத்துல நகத்தை வச்சு இழுத்தா தட்டுது. நாலு மாசத்துல படி விழுந்திருச்சு!

மாமாகிட்ட கொண்டு போனேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி, பின்னை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தார். அப்புறம் ஒரு பழைய அரத்தை எடுத்து, கடையாத முனையில ஒரு இழுப்பு. வழுக்கிட்டுப் போச்சு, கீறலே இல்ல. கடைஞ்ச இடத்துல ஒரு இழுப்பு. 'க்ரீச்'னு கடிச்சுது, வெள்ளிப் பொடி விழுந்துச்சு. "மாப்ள, கிங்பின்னுக்குப் பலமே மேல் தோலுதான். ஒரு மில்லிமீட்டரோ கொஞ்சம் கூடவோ இருக்கும், அம்புட்டுத்தான். நீ சைஸ் குறைக்கச் சொன்ன, நான் தோலை உரிச்சிட்டேன். உள்ள இருக்கது சாதா இரும்பு." அவருக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணுமேன்னு கேட்டேன். "நீ எதுக்குன்னு சொன்னியா? கேட் கீலுக்குன்னு நெனச்சேன்."

இப்ப சரியான இரும்புல கொஞ்சம் பெருசாக் கடைஞ்சு, சூடேத்திக் கெட்டியாக்கி, கடைசியில கிரைண்டிங்ல அளவுக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். தம்பி, "லாரி கிங்பின்னைக் கடைஞ்சிக்கலாம்"னு நான் உங்களுக்குப் போன்ல சொன்னது இருக்கே, அதை மறந்திருங்க.

2023 ஜூலை 16
பவர் பெட்டி கதை.

குறுக்கு லிங்க் யோசனை எளிசானதுதான். பெல் கிராங்கையே தூக்கிப் போட்டுட்டு, பெட்டியை வண்டிச் சட்டத்தோட (சேசிஸ்) வலது பக்கம் முன்னாடி கொண்டு போய் வச்சு, ஆர்ம் பக்கவாட்டுல ஆடுற மாதிரி பண்ணி, நீளமா ஒரே லிங்க்கை இடது சக்கரத்துக்கு விடுறது. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஒரே டை ராடு. பாதி ஜாயிண்டு குறைஞ்சிரும். அமெரிக்காவுல பழைய ஜீப்புக்காரங்க சாகினாங்கிற கம்பெனியோட பவர் பெட்டி போட்டு இப்படித்தான் பண்றாங்க. நமக்கு வலது கை ஸ்டீயரிங், அதனால எல்லாமே கண்ணாடி பிம்பம்.

பெட்டி கழட்டுன சுமோவுல ஆர்ம் பின்னாடி பாத்து இருந்துச்சு. எனக்கு அங்க ஸ்பிரிங் இடிச்சுது. சரின்னு ஆர்மைக் கழட்டி முன்னாடி பாக்கத் திருப்பி மாட்டுனேன். அழகா உக்காந்துச்சு. சக்கரத்தைத் தூக்கி வச்சு, மாமனார் திண்ணையில உக்காந்து பாக்க, இடது பக்கம் ஒடிச்சேன். சக்கரம் வலது பக்கம் போச்சு. மறுபடி ஒடிச்சேன். மறுபடி வலது. மாமனார் வெத்திலையைத் துப்பிட்டு, "மாப்ள, வண்டியும் உங்கள மாதிரிதான், சொன்னதுக்கு நேர்மாறாப் போகுது"ன்னார்.

சிரிப்புதான், ஆனா இதைத் தரையில இறக்கி ஓட்டிப் பாக்குறேன்னு கிளம்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஆர்மை 180 பாகை திருப்புனா முனை போற திசையும் தலைகீழாகும். யோசிச்சா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்னைக்கு எனக்குத் தெரியல.

2023 ஜூலை 17
ஓஸ் பத்தி ஒரு வரி. திரும்பி வர்ற ஓஸுக்கு கிளிப்பு போட்டா போதும். பம்புலருந்து போற ஓஸுக்குக் கிளிப்பு போடவே போடாதீங்க, ஓரத்துல ஒடிச்சுப் பிடிச்சா 70, 80 பார் வந்திரும். ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் ஓஸ் அடிச்சுக் கொடுக்குற கடைக்குப் பழைய ஓஸைக் கொண்டு போங்க, அரை மணி நேரத்துல மெஷின்ல நசுக்கிக் கொடுத்திருவாங்க.

காத்து எடுக்குறதும் அப்படித்தான். என்ஜினைப் போடாம, சக்கரத்தைத் தூக்கி வச்சு, ஓரத்துக்கு ஓரம் மெதுவா இருபது தடவை சுத்துங்க. எடுத்த எடுப்புல என்ஜினைப் போட்டா எண்ணெய் நுங்கும் நுரையுமா தொட்டியிலருந்து பொங்கிரும். வாசல் கோலத்து மேல பொங்குனா இன்னும் விசேஷம்.

2023 ஜூலை 30
ஏன் பாதியில விட்டேன்னு சொல்றேன்னு சொன்னேன்.

ரெண்டு காரணம். ஒண்ணு, நான் அதுக்கு முன்னாடியே நீள ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சட்டத்தோட கோக்குற பட்டை) போட்டு வண்டியை உசத்தியிருந்தேன், பாக்க எடுப்பா இருக்கும்னு. சட்டம் மேல போனதும் அந்த நீள லிங்க் சரிஞ்சு நின்னுச்சு. அது படுக்கையா இருந்தா ஸ்பிரிங் மேல கீழ ஆடும்போது சக்கரத்தைத் தள்ளாது. சரிவா இருந்தா ஒவ்வொரு குழிக்கும் வண்டி தானா ஒரு இழுப்பு இழுக்கும், ஸ்டீயரிங்கை நீங்க அசைக்கவே வேணாம். நீள ஷாக்கிளால அச்சும் முன்னாடி சாஞ்சு, கேஸ்டர் கோணமும், அதாவது கிங்பின் பின்னாடி சாஞ்சு நிக்கிற அளவும், குறைஞ்சிருச்சு. கம்பெனி கணக்கு 3 பாகை. சைக்கிள் கையை விட்டாலும் நேராப் போகுறதுக்கு, போர்க் பின்னாடி சாஞ்சிருக்கதும் ஒரு காரணம். அதை நிமித்துனா தடுமாறும், அதே சங்கதிதான். கப்பலூர் உதறலுக்குப் பாதிக் காரணம் இது. மீதி, கிங்பின் பேரிங் லூசு. அதுல ஷிம்மை (அளவுக்கு வைக்கிற மெல்லிசுத் தகடு) எடுத்து இறுக்கணும். காய்கறிக்காரர் வச்சிருக்க ஸ்பிரிங் தராசை டை ராடு ஓட்டையில மாட்டி இழுத்துப் பாத்தா என் இடது பக்கம் எதிர்ப்பே இல்லாம வந்துச்சு.

கேஸ்டருக்கு மருந்து என்னன்னு பட்டறையில கேட்டேன். "ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவுல ஆப்பு வைக்கணும்ணே"ன்னான். ஏற்கனவே வச்சாச்சேப்பான்னேன். ஆப்பும் வாங்குனேன், ரெண்டு. கடைசியில ஷாக்கிளையே பழையபடி மாத்திட்டதால தேவைப்படல. ஒண்ணு இப்ப கொல்லைக் கதவுக்கு முட்டு.

ரெண்டாவது காரணம்தான் பெருசு. சட்டம். நம்ம ஜீப்புச் சட்டம் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் மாதிரியான மெல்லிசுத் தகடு. பவர் பெட்டி கொடுக்குற முறுக்கை அது கண்டதே இல்ல. நான் தகடு வச்சு போல்ட்டு போட்டேன், ஆனா உள்ள குழாய்த் துண்டு வைக்கல. இறுக்க இறுக்கச் சட்டம் உள்வாங்குச்சு. போதாததுக்கு, தகட்டோட ஓரத்தைச் சட்டத்துக்குக் குறுக்கால செங்குத்தா நேர்கோடு வெல்டிங் வச்சாச்சு. எட்டு மாசம் கழிச்சு வண்டி கழுவும்போது அந்தக் கோட்டை ஒட்டி முடி மாதிரி ஒரு கீறல். முதல்ல தலைமுடின்னுதான் நெனச்சுத் துடைச்சேன். போகல. நகத்தால கீறுனேன், நகம் மாட்டுச்சு.

அன்னைக்கே வண்டியை நிறுத்திட்டேன். செய்யணும்னா சட்டத்தோட திறந்த பக்கத்தை மூடிப் பெட்டியாக்கணும். போல்ட்டு போற ஒவ்வொரு ஓட்டைக்கும் குறுக்கே கெட்டிக் குழாய் வச்சு வெல்டு பண்ணணும். தகட்டு முனையைச் சதுரமா விடாம வாழைஇலை நுனி மாதிரி கூராக்கணும், அப்பத்தான் பாரம் ஒரே கோட்டுல இறங்காது. டை ராடையோ டிராக் லிங்கையோ வெட்டி ஒட்டி நீளமாக்குற வேலை மட்டும் எந்த மேஸ்திரி சொன்னாலும் கேக்காதீங்க. முழுக் குழாய், ரெண்டு முனையிலயும் மரை, ஒண்ணு இடது ஒண்ணு வலது.

2023 ஆகஸ்ட் 6
சட்டம்னு சொன்னதும் ஒருத்தர் அந்தச் சட்டத்தைக் கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த மூல அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிருச்சு. தேஞ்ச சாமானை அதே மாதிரி சாமானால மாத்துறதுக்குப் பிரச்சனையில்ல. வேற வண்டிப் பெட்டி, வேற லிங்க், சட்டத்துல வெல்டிங் எல்லாம் வேற கணக்கு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரர் மொதல்ல குனிஞ்சு பாக்குற இடம் அதுதான். நான் 2021ல இதை யோசிக்கல. என் வண்டிக்கு 2022ல எஃப்.சி. (தகுதிச் சான்று) புதுப்பிச்சப்ப வயித்துல புளியைக் கரைச்சுது. பழைய அமைப்புக்குத் திரும்புனதுல அந்தப் பயமும் ஒரு காரணம்னு ஒத்துக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 20
செலவு. பவருக்கு மொத்தம் 14 ஆயிரம் ஆச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வீட்டுக்காரி கணக்கு நோட்டை எடுத்து வச்சா. பெட்டி 6,500, ஆர்ம் 800, மொத பம்பு 1,500 (வீண்), ரெண்டாவது பம்பு 2,200, ஓஸ் 1,900, எண்ணெய் மூணு தடவை 1,350, தகடும் வெல்டிங்கும் 3,400, யூ-ஜாயிண்ட் 900, பெல்ட்டு 450. நோட்டுல "பாய் கடைக்குப் பெட்ரோல்"னு தனியா ஒரு வரி, 1,100. கூட்டுனா 20,100. அப்புறம் அதைக் கழட்டுனதுக்கும் சட்டக் கீறலைச் சரி பண்ணுனதுக்கும் 5,000.

ஜாயிண்டு வேலை மொத்தமும் எண்டு நாலு, டிராக் லிங்க் கிட்டு, கிங்பின் பேரிங், ஷிம், புஷ், பின் எல்லாம் சேத்து 7,800. உரிச்ச பின்னுக்குத் தண்டம் 600 தனி.

2023 ஆகஸ்ட் 21
ராஸ் பெட்டியில கிரீஸ் அடைக்கலாமான்னு கேள்வி. கூடாது. எண்ணெய் ஒழுகுதுன்னு நம்ம ஆளுங்க அடைச்சு விட்டுருவாங்க. கேம் ஓடுன இடத்துல கெட்டி கிரீஸ் விலகி நின்னுக்கும், திரும்பி வராது, முளை காஞ்சு ஓடும். 90 நம்பர் கியர் ஆயில்தான். ரொம்ப ஒழுகுனா சீலை மாத்துங்க, அதுவும் முடியலைன்னா கூழ் மாதிரி ஓடுற இளக்கமான கிரீஸ்.

2023 நவம்பர் 12, தீபாவளி
உசிலம்பட்டித் தம்பி ஜீப்பை எடுத்துக்கிட்டு இன்னைக்கு வீட்டுக்கு வந்தார். ஒல்லி டயர், புது எண்டு, கிரைண்டிங் பிடிச்ச பின். ராஸ் பெட்டி பழசேதான், முளை மட்டும் மாத்தி, நேரா வச்சு இறுக்குனது. ஸ்டீயரிங்கை ஆட்டிப் பாத்தேன். ஒரு விரக்கடைக்குக் கொஞ்சம் கம்மி.

ராத்திரி பெஞ்ச மழையில தெருக்கோடிக் காலி மனை சொதசொதன்னு கெடந்துச்சு. அதுல இறக்கி ரெண்டு வட்டம் அடிச்சோம். என் மக பின்னாடி உக்காந்து வீடியோ எடுத்தா. நின்ன இடத்துல திருப்புறதுக்கு இன்னும் கனம்தான், அதை மறைக்கல. வண்டி ஊர ஆரம்பிச்சதும் ஒத்தக் கையில வருது. கட்டைவிரலை வெளிய வச்சிருந்தாரான்னு பாத்தேன், வச்சிருந்தார்.

போகும்போது மாடிப்படிக்குக் கீழ சாக்குல கெடக்குற என் சுமோப் பெட்டியைப் பாத்துட்டு, "அண்ணே, சட்டத்தைப் பெட்டி கட்டிட்டு அதை மாட்டுனா எப்படி?"ன்னார். ஆகஸ்ட் 6 எழுதுனதைப் படிச்சீங்களான்னு கேட்டேன். படிச்சாராம். சும்மா கேட்டாராம்.

நானும் சும்மாதான் அதுக்கு எண்ணெய் போட்டு, ஓட்டையில துணி அடைச்சு வச்சிருக்கேன்.